மண்ணெண்ணெய்த் தயிர்

நெருக்கடி வந்தால் ஒரு நிறுவனத்தை எப்படி நடத்துவது என்று பேசுவதற்கு இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். மட்டக்களப்பு நகரத்தில் குளிரூட்டிய மண்டபம், மேசைக்கு மேசை தண்ணீர்ப் போத்தல், எனக்குப் பின்னால் பெரிய திரை. நான் ஒலிவாங்கியைக் கையில் எடுப்பேன். உடனே ஒரு மண்ணெண்ணெய்க் கான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும், சிரிப்பை அடக்க முடியாமல் போய்விடும். பேச வந்தவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முன்வரிசையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு நான் பாதிக் கதைதான் சொல்வது வழக்கம். முழுக் கதையையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

வாவியின் மேற்கே, நாங்கள் படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில், கொக்கட்டிச்சோலைக்குப் போகிற பாதையோரமாக எங்களுக்கு ஒரு தயிர்க் கொட்டில் இருக்கிறது. கடதாசியில் அது ஒரு நிறுவனம். பங்காளிகள் மூன்று பேர்: நான், என் தம்பி, தம்பியின் மனைவியான மச்சாள். நான் வங்கி வேலையை விட்டுவிட்டு எருமைப் பாலுக்குப் பின்னால் போனவள் என்பதால் முகாமையாளர் என்ற பட்டம் எனக்கு. விற்பனை மச்சாள். வேன் ஓட்டுவது தம்பி. பால் காய்ச்சுவது, சட்டி கழுவுவது, சண்டை பிடிப்பது எல்லாம் மூவருக்கும் பொது.

எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம் அது. காஸ் இல்லை, விறகில் பால் காய்ச்சினோம். டீசல் இல்லை, வேன் பாதி நாள் மாமரத்தின் கீழ் நின்றது. கொட்டிலை மூடிவிடலாமா என்று நாங்கள் மூவரும் தனித்தனியாக யோசித்தோம், ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் காத்தான்குடியில் பல கடைகள் வைத்திருக்கும் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். அந்தப் பக்கத்தில் அண்ணனை நானா என்பார்கள், நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவருடைய மகளுக்குக் கலியாணம். அந்தப் பக்கத்துக் கலியாணச் சாப்பாட்டில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் கூடியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். கடைசியில் சஹனுக்கு ஒரு சட்டி தயிர் நடுவில் வந்து உட்காரும். அதற்குத்தான் எங்களிடம் வந்தார்.

"கலியாணத்துக்கு நல்ல தயிர் தாங்க தங்கச்சி. மறுகா என்ட கடையெல்லாத்துக்கும் உங்கட தயிர்தான்" என்றார்.

அவர் போன பிறகு மச்சாள் கொட்டிலைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினாள். அந்தக் கடைகள் கிடைத்தால் நாங்கள் பிழைத்தோம். கிடைக்காவிட்டால் அந்த மாதத்தோடு மூடுவோம். இவை இரண்டுக்கும் இடையில் வேறு வழி எதுவும் இருக்கவில்லை.

இனி மண்ணெண்ணெய்க்கு வருகிறேன். மச்சாளின் அப்பா வாவித் துறையில் ஆட்களை அக்கரைக்குக் கடத்தும் இயந்திரப் படகு வைத்திருக்கிறார். அவருடைய இயந்திரத்துக்காகத் தம்பி ஒரு பகல் முழுவதும் வரிசையில் நின்று ஒரு கான் மண்ணெண்ணெய் வாங்கினான். தம்பிக்கு இளகிய மனது. வழியில் யாராவது "தம்பி, ஒரு போத்தல் தாவன்" என்றால் ஊற்றிக் கொடுத்துவிட்டு வெறும் கானோடு வீட்டுக்கு வருவான். அதனால் மச்சாள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்: கானை வேனில் வைக்கோலுக்கு அடியில் மறைத்துக்கொண்டு வா. அவனும் மறைத்துக்கொண்டு வந்தான். மறைத்தது மறைத்தபடியே இருந்தது. அவள் எடுத்திருப்பாள் என்று அவன் நினைத்தான், அவன் எடுத்திருப்பான் என்று அவள் நினைத்தாள். விடிந்ததும் இருவரும் சேர்ந்து அந்த வைக்கோலின் மேல் தயிர்ச் சட்டிகளை அழகாக அடுக்கினார்கள்.

அடுத்த நாள் டீசல் இருக்குமோ இராதோ என்ற பயத்தில் கலியாணத் தயிரையும் ஒரு நாள் முன்பாகவே அனுப்பினோம். வேன் எங்கள் ஊர் வீடுகளுக்கும் பக்கத்து ஊர் வீடுகளுக்கும் சட்டி இறக்கிவிட்டு, பாலத்தைக் கடந்து காத்தான்குடிக் கலியாண வீட்டில் மிச்சத்தை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. நாங்கள் தேநீர் குடித்தோம். நான் பாட்டுக்கூடப் பாடியதாக மச்சாள் சொல்கிறாள், நான் நம்பவில்லை.

அப்போது பக்கத்து வீட்டு ரீச்சர் ஒரு சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

"பிள்ள, இது சாப்பிடவா, அடுப்பு மூட்டவா?" என்று கேட்டார்.

முகர்ந்து பார்த்தேன். சாட்சாத் மண்ணெண்ணெய். தம்பி வேனுக்கு ஓடினான். வைக்கோலுக்கடியில் கான் சரிந்து கிடந்தது, மூடி நெகிழ்ந்து பாதி எண்ணெய் வைக்கோலுக்குள் போயிருந்தது. மண்சட்டி எதைக் கொடுத்தாலும் குடிக்கும். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள். எங்கள் தாழி உடையவில்லை, குடித்துவிட்டு முழுதாக நின்றது.

அதற்குக் கொஞ்சக் காலம் முன்புதான் நான் ஒரு நெருக்கடி முகாமைத்துவப் பயிற்சிக்குப் போயிருந்தேன். நெருக்கடி வந்ததும் உடனே ஒரு குழுவாகக் கூட வேண்டும், பிறகு எல்லோரும் ஒரே குரலில் பேச வேண்டும் என்று அங்கே சொல்லித் தந்தார்கள். கூடினோம். பால் அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தோம். குரல்தான் ஒன்றாகவில்லை.

"கீழ் அடுக்குச் சட்டிதான் நாறும். மேல் அடுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றாள் மச்சாள்.

"எது கீழ் அடுக்கு, எது மேல் அடுக்கெண்டு இப்ப ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"சட்டி சுட்டவங்க சூளைக்கு மண்ணெண்ணெய் ஊத்தியிருக்காங்கெண்டு சொல்லுவமே அக்கா" என்றான் தம்பி.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. சட்டி செய்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? கையில் இருந்த அகப்பையால் வாளியில் ஓங்கி அடித்தேன், அகப்பைக் காம்பு முறிந்தது. பிறகு தம்பி மெதுவாக, "புகை போட்ட தயிரெண்டு சொல்லி விலையக் கூட்டினா என்ன?" என்றான். முதலில் மச்சாள்தான் சிரித்தாள். பிறகு நான். மூன்று பேரும் வாளியில் இருக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். பயத்தில் வந்த சிரிப்பு அது.

"ஆறு பேர் ஒரு சட்டியில கை வைப்பாங்க. அதுல பிள்ளையளும் இருக்கும். எல்லாத்தையும் திருப்பி எடுக்கிறம்" என்றேன்.

மச்சாள் சிரிப்பை நிறுத்தினாள். "கலியாண வீட்டுச் சட்டியையுமா?"

"எல்லாத்தையும்."

"இது போனா நாம மூடுறதுதான் மச்சாள். தெரிஞ்சுதான் பறையிறீங்களா?" என்றாள். அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள்.

"தெரிஞ்சுதான்."

வேனில் ஒரு சுற்றுக்குத்தான் டீசல் இருந்தது. வீடுகளுக்குப் போவதா, கலியாண வீட்டுக்குப் போவதா? கலியாணச் சோறு அடுத்த நாள் பகல். வீடுகளிலோ அந்த நேரமே தயிரில் கை வைத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே வேன் வீடுகளுக்கு. நானும் மச்சாளும் படகில் வாவியைக் கடந்து நானாவிடம் போவது என்று முடிவானது. பாலம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பாலம் இருந்தது, அதில் ஓடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

துறைக்குப் போனால் மச்சாளின் அப்பா, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், இயந்திரத்தில் ஒரு சொட்டும் இல்லை என்று கையை விரித்தார். மச்சாள் நான் தூக்கி வந்த கானைக் காட்டினாள். மிச்சப் பாதி மண்ணெண்ணெய் அதற்குள் இருந்தது. மாமா கானைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கதையைக் கேட்டார். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அதையே ஊற்றி இயந்திரத்தைக் கிளப்பினார். எங்களைக் கெடுத்த எண்ணெய்தான் எங்களை அக்கரைக்குக் கொண்டுபோனது.

போகும் வழியெல்லாம் மச்சாள் பேச்சை ஒத்திகை பார்த்தாள். "நானா, ஒரு சின்ன விசயம்" என்று தொடங்கிப் பார்த்தாள். "நானா, பதறாதீங்க" என்று மாற்றினாள். பிறகு, "நானா, மழை வரும்போல கிடக்கு" என்றாள். வானத்தில் ஒரு முகிலும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாயா என்று கேட்டேன். சோறு போதாது என்றாள்.

கலியாண வீட்டில் பந்தல் போட்டாகிவிட்டது. முற்றம் முழுக்கப் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நானா எங்களைக் கண்டதும் கதிரை போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வராது என்று தெரியும்.

"நானா, தயிர்ச் சட்டியல்ல மண்ணெண்ணெய் பட்டுட்டு. எங்கட பிழை. எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போக வந்திருக்கம்."

வெங்காயம் உரித்த கைகளெல்லாம் நின்றன. உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்தார். அவர்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்பார்கள், நாங்களும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"எல்லாச் சட்டியையும் வெளிய கொண்டு வாங்க. மணந்து பார்ப்பம்" என்றார் தாத்தா.

சட்டிகள் முற்றத்துக்கு வந்தன. நாங்கள் நடுவில் நின்று ஒவ்வொரு சட்டியாகத் தூக்கிக் கொடுத்தோம். மாமியார், மருமகள், பக்கத்து வீட்டுப் பெண்கள், கலியாணப் பெண்ணின் தோழிகள் என்று ஒவ்வொருவராக மூக்கை வைத்தார்கள். இது நாறுது. இதுவும் நாறுது. அல்லாவே, இது இன்னும் மோசம். ஒரு சட்டியும் தப்பவில்லை. அப்போது தாத்தா கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கம் குனிந்து, என் தோளை முகர்ந்தார்.

"தங்கச்சி, சட்டியில்ல. நீங்கதான் நாறுறீங்க" என்றார்.

மூடி நெகிழ்ந்த கானை இடுப்பில் வைத்துத் துறைவரை தூக்கி வந்தவள் நான்தான். சேலை முழுக்க மண்ணெண்ணெய். முற்றத்தில் எழும்பிய சிரிப்பில் பந்தல் ஓலை ஆடியிருக்கும். மணப்பெண் உள்ளேயிருந்து ஓடி வந்து என்ன என்ன என்று கேட்டாள், சொல்லக்கூட யாராலும் முடியவில்லை. என்னைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்கள். சவர்க்காரம் போட்டுக் குளிக்க வைத்து, தாத்தாவின் சேலை ஒன்றைச் சுற்றிவிட்டார்கள். கலியாணத்துக்கு முதல் நாள் கலியாண வீட்டில் குளித்துப் புதுச்சேலை கட்டியது மணப்பெண் இல்லை, தயிர்க்காரி.

பிறகு மறுபடியும் முகர்ந்தார்கள். இந்த முறை சில சட்டிகள்தான் நாறின. மற்றவை நல்ல தயிர், எருமைப் பால் வாசத்தோடு. மச்சாள் என்னை முழங்கையால் இடித்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நாறுறதக் கழிச்சிப் போட்டு மத்தத வெச்சிக்குவோம்" என்றார் நானா.

பிழைத்தோம் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஓம், சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். ஆனால் மண்சட்டியை எனக்குத் தெரியும். அடிப்பாகத்தில் குடித்தது உள்ளே ஏற நேரமெடுக்கும். இன்றைக்கு வாசமாக இருப்பது நாளைக்குப் பகல் எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

"வேணாம் நானா. இது நல்லது எண்டு நான் சொல்லமாட்டன். எல்லாத்தையும் எடுக்கிறன்."

"நாளைக்கு வேற தயிர் தருவீங்களா?"

"தாறன் எண்டு சொல்ல ஏலாது. பால் கிடைச்சாத் தாறன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தங்கச்சி, நீங்க யாவாரம் செய்யிற ஆள் மாதிரித் தெரியல்ல" என்று சொல்லிவிட்டு, சமையற்காரர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

சட்டிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். மச்சாள் கோபத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். வாவி நடுவில் இயந்திரம் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. மாமா நீளக் கம்பை எடுத்து ஊன்றினார். கொஞ்சம் போனதும் களைத்துவிட்டார், நான் வாங்கிக்கொண்டேன். தாத்தாவின் சேலை சரிகைச் சேலை. சரிகைச் சேலையில், விற்க முடியாத தயிருக்கு நடுவில், கம்பு ஊன்றிக்கொண்டு நிற்கிற முகாமையாளரை மச்சாள் நிமிர்ந்து பார்த்தாள். அவளால் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்? சிரிப்பு அவளிடமிருந்து எனக்கு வந்தது, என்னிடமிருந்து மாமாவுக்குப் போனது. படகு ஆடியது. "ஆட்டாதீங்கடி, தயிர் கொட்டப் போகுது" என்றார் மாமா. கொட்டத்தானே போகிறோம் என்று சொல்லி இன்னும் சிரித்தோம். எல்லாம் போய்விட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அழுகையும் வந்தது, சிரிப்பு நிற்கவும் இல்லை. அந்தக் காற்றும் வெயிலும் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தன.

வெயில் சாயும் நேரத்தில் கொட்டிலுக்கு வந்தால் வேன் நின்றது. தம்பி அதன் படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"தயிர் தரமாட்டன் எண்டாங்களா?" என்று கேட்டேன்.

"தந்தாங்க அக்கா. உள்ள பாருங்க."

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு கத்தரிக்காயாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். சட்டி வெறுமையாக இல்லையே, தயிர் இருக்கிறதே என்று தம்பி வாதாடியிருக்கிறான். நாறின தயிர் கணக்கில் வராது என்றார்களாம். நிறுவனம் என்றால் இழப்பீடு கொடுத்துத்தான் பொருளைத் திருப்பி எடுக்கும் என்று பயிற்சியில் படித்தேன். எங்களுக்கு இழப்பீடு கொடுத்து அனுப்பியது ஊர். வேனுக்குள் கத்தரிக்காய், மாங்காய், சுளகோடு அரிசி, கட்டிய கருவாடு, யாரோ ஒருவர் வீட்டு வாழைக்குலை. ஒரு கிழவர் நாறின தயிரைத் தர மறுத்து, அது நாட்டு மருந்து என்று முழுவதையும் சாப்பிட்டுவிட்டாராம். அவர் நன்றாக இருக்கிறாரா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாக இருந்தார், இன்னொரு சட்டி கேட்டார்.

"கலியாணத்துக்கு என்ன செய்யப் போறீங்க எண்டு எல்லாரும் கேட்டாங்க. பாலில்ல எண்டு சொல்லிப்போட்டன்" என்றான் தம்பி.

அவன் பேசி முடிக்கவில்லை, கேத்தல் நிறையப் பாலோடு ரீச்சர் வந்தார். பின்னால் ஒருவர் வாளியோடு. கன்றுக்கு விட்ட மிச்சம் என்று ஒருத்தி. வயல் வட்டைப் பக்கம் மாட்டுப் பட்டி வைத்திருப்பவர் சைக்கிளின் இரண்டு பக்கமும் கான் கட்டிக்கொண்டு வந்தார். இந்தக் கான்களை நான் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன். எருமைப் பாலும் பசுப்பாலும் கலந்து அடுப்பில் ஏறின. புதுச் சட்டிகளில் உறை ஊற்றினோம்.

காலையில் மூடியைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை, மச்சாள் திறந்தாள். தயிர் உறைந்திருந்தது. எருமைத் தயிர்போலக் கட்டியாக இல்லை, தளதளவென்று இருந்தது. கேட்ட அளவுக்கும் இல்லை. ஆனால் தயிர்.

வேனில் டீசல் இல்லை, படகில் மண்ணெண்ணெய் இல்லை. பின்னதற்கு நான் சந்தோசப்பட்டேன். வைக்கோலைக் கண்ணில் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பால் தந்த பெண்கள் படகில் ஏறிச் சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டார்கள், மாமாவும் தம்பியும் கம்பு ஊன்றினார்கள். கலியாண வீட்டு வாசலில் தாத்தா நின்றார். முதல் சட்டியைத் திறந்து முகர்ந்தார். பிறகு என் தோளைப் பிடித்து என்னையும் முகர்ந்தார்.

"இப்ப சரி. உள்ள வாங்க" என்றார்.

சட்டி போதவில்லை. இரண்டு சஹனுக்கு ஒன்று என்று வைத்தார்கள். ஏன் குறைந்தது என்று நானாவே பந்தலில் எழும்பி நின்று விருந்தினருக்குச் சொன்னார். கிணற்றடியையும் விடவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பைக் கேட்டு, பெண்கள் பக்கத்தில் சஹனைச் சுற்றி இருந்த நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

புறப்படும்போது நானா துறைவரை வந்தார். "கடைக்கு எப்ப இருந்து தயிர் போடுவீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "யாவாரம் தெரியாத ஆள் எண்டீங்களே நானா."

"நல்ல சட்டியையும் விடாம அள்ளிக்கொண்டு போனீங்களே, அப்பவே முடிவெடுத்திட்டன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. நாங்க உயிர் போய் வந்தம்."

"சொல்லியிருந்தா இந்த ஓட்டம் ஓடியிருப்பீங்களா?" என்றார். யாவாரி யாவாரிதான்.

இன்றைக்கும் அவருடைய கடைகளில் எங்கள் தயிர்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது உண்மை. வாவியின் இரண்டு கரையிலும் எங்கள் தயிருக்கு மண்ணெண்ணெய்த் தயிர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள், "மண்ணெண்ணெய்த் தயிர் வந்திட்டா?" என்று கூசாமல் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் மறைக்கப் பார்த்த மச்சாள் அந்தப் பெயரையே சட்டியில் ஒட்ட வேண்டும் என்று இப்போது என்னோடு சண்டை பிடிக்கிறாள்.

மண்டபத்தில் இதில் பாதியைச் சொல்கிறேன். உண்மையைச் சொன்னோம், திருப்பி எடுத்தோம், கடைகள் கிடைத்தன என்று சொல்கிறேன், எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள். கடைகள் கிடைக்கும் என்று தெரிந்தா நான் சட்டிகளை அள்ளினேன்? சரிகைச் சேலையோடு வாவி நடுவில் கம்பு ஊன்றியபோது என் கையில் ஒன்றும் இருக்கவில்லை, வரப்போவதும் ஒன்றும் இருக்கவில்லை. வங்கியில் இருந்த காலத்திலும் சரி, கடைகள் கிடைத்த பிறகும் சரி, அன்றைக்குப் போல நான் சிரித்ததில்லை. அதைத் திரையில் எப்படிப் போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.